அக்கா கையில் பத்தாயச் சாவி

பிள்ளைகளா, இன்று அரியலூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு பெண் வலிப்பு வந்து விழுந்தாள். யாரோ அவள் கையில் சாவிக்கொத்தைத் திணித்தார். சாவிகள் குலுங்கிய சத்தத்தில் என் அக்கா ராசாத்தி நினைவு வந்துவிட்டது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளில் அவளுக்கும் வலிப்பு வரும். அம்மா நெல் பத்தாயத்தின் இரும்புச் சாவியை அவள் கையில் வைத்து அழுத்துவாள். உள்ளங்கையில் அந்தத் தடம் மறையவே மறையாது.

மெட்ராஸில் மூளை நோய்க்கென்றே படித்த டாக்டரம்மா ஒருவர் இருந்தார். அப்போது வேறு பெண்கள் யாரும் படிக்காத படிப்பு அது. அப்பா அக்காவை ரயிலில் அழைத்துப் போனார். டாக்டரம்மா அந்தத் தடத்தைத் தடவிப் பார்த்து, "பேயுமில்ல, சாமி குத்தமுமில்ல. மாத்திரையை மட்டும் நிறுத்தாதீங்க" என்றாராம்.

ஒரு வருஷம் வலிப்பே இல்லை. பிறகு அரும்பாவூரிலிருந்து பெண் பார்க்க வருவதாகச் சொன்னார்கள். அம்மா மாத்திரைப் புட்டியை உப்புப் பானைக்குள் ஒளித்தாள்.

"டாக்டரம்மா சொன்னாங்களேம்மா!" என்றாள் அக்கா.

"அவங்களாடி வந்து தாலி கட்டப் போறாங்க?"

நாலாம் நாள் தண்ணீர் இறைக்கும்போது அக்கா வலிப்பு வந்து கிணற்றில் விழுந்தாள். பிணமாகத்தான் எடுத்தார்கள்.

அப்பா போட்ட கடிதத்துக்கு டாக்டரம்மா பதில் எழுதினார்: "கல்யாணப் பேச்சு வந்தால் என்ன செய்வதென்றும் நான் சொல்லியிருக்க வேண்டும்."

இன்று அந்தப் பெண்ணை ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். அவள் தாயிடம், "மாத்திரையை எப்பம்மா நிறுத்துனீங்க?" என்று கேட்டேன்.

அவர் தலை குனிந்தார். "வெள்ளிக்கிழமை பொண்ணு பாக்க வராங்க சார்."