ஓசூர்தண்டர் இரண்டு பேர்

ஓசூரில் வேலை பார்த்த வருஷங்களில் என்னோடு ஒரே அறையில் இருந்தவள் தளிக்காரி. தளிக்குப் பக்கத்தில் ஒரு மேட்டில் அவர்கள் வீட்டுக்கு முட்டைகோஸும் ரோஜாவும் போட்ட நிலம் இருந்தது. வீட்டில் கன்னடம், சந்தையில் தெலுங்கு, என்னிடம் தமிழ் என்று மூன்றையும் மாற்றி மாற்றிப் பேசுவாள். நான் சாத்தூர்ப் பக்கம். டிப்ளமா முடித்த கையோடு, தொழிற்பேட்டையில் மின்மீட்டர் செய்யும் ஒரு கம்பெனியில் இரண்டு பேருக்கும் ஒன்றாக வேலை கிடைத்தது. எதிரெதிரே உட்கார்ந்து சர்க்யூட் போர்டில் சால்டரிங் வைத்தோம். பாகலூர் ரோட்டில் ஒரு மாடி அறையைச் சேர்ந்து வாடகைக்கு எடுத்தோம்.

குடிவந்த அன்றே அவள் துணிப்பையிலிருந்து ஒரு வாக்மேனும் ஒரு மஞ்சப்பை நிறையக் கேசட்டுகளும் வெளியே வந்தன. பெங்களூரில் இன்ஜினியரிங் படித்த அவளுடைய அண்ணன், வெளிநாட்டு வேலைக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போனவை. அட்டைகளில் மண்டை ஓடு, சங்கிலி, நெருப்பு.

"என்னடி இது, பேய்ப் படமா?" என்றேன்.

"பாட்டு. ரோஜா பறிக்கறப்ப இதைத்தான் கேப்பேன். பனியில கை வெறச்சுப் போயிரும். இதப் போட்டா சூடு வந்துரும்."

இயர்போனில் ஒரு காதை எனக்குக் கொடுத்தாள். முதல் தடவை எனக்குத் தலைவலிதான் வந்தது. யாரோ தகரக் கொட்டகைக்குள் அகப்பட்டுக்கொண்டு அலறுவது மாதிரி இருந்தது. ஆனால் கம்பெனி பஸ்ஸில் அவளுக்குப் பக்கத்து சீட்டு என் சீட்டு. தினமும் போகவும் வரவும் ஒரு காதில் அது ஓடியது. எப்போது பிடிக்க ஆரம்பித்தது என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. ஒருநாள் அவள் லீவு போட்டுவிட்டு ஊருக்குப் போயிருந்தபோது, பஸ்ஸில் வெறும் காதோடு உட்கார்ந்திருக்க முடியாமல் தவித்தேன். அன்றைக்குத்தான் தெரிந்தது.

அந்தக் கேசட்டுகள் முக்கால்வாசி ஒரே குழுவினுடையவை. கடல் கடந்த ஊர்க்காரர்கள், நாங்கள் பிறப்பதற்கு முன்பே பாட ஆரம்பித்தவர்கள். நாங்கள் அவர்களைப் 'பெருசுங்க' என்போம். டிரம்ஸ் பெருசு, கிடார் பெருசு, பாட்டுக்காரப் பெருசு. பாட்டுக்காரப் பெருசுதான் எங்களுக்கு எல்லாம். அவர் அடிவயிற்றிலிருந்து எடுக்கும் அலறலில் வார்த்தை புரியாது. ஆனால் எதற்காக அலறுகிறார் என்பது புரிந்தது மாதிரியே இருக்கும்.

வாரத்துக்கு ஒருதரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த பிரவுசிங் சென்டருக்குப் போவோம். அதை நடத்தியவர் தெலுங்குக்காரர், நல்ல மனுஷன். இரண்டு பெண்கள் ஒரு கம்ப்யூட்டரில் உட்கார்ந்து யாரோடோ சாட் செய்கிறார்களோ என்று அவருக்குக் கவலை. ஒருநாள் சாக்குச் சொல்லிக்கொண்டு பின்னால் வந்து நின்று பார்த்தார். திரையில் இடுப்புவரை முடி வளர்த்த நான்கு பேர் நாக்கை நீட்டிக்கொண்டிருந்தார்கள். "ஏம்மா, சாமியாருங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனவர், அதன்பிறகு எங்களைச் சந்தேகப்படவில்லை.

நாங்கள் போனது ரசிகர்கள் கூடிப் பேசும் ஒரு இணையதளத்துக்கு. அதில் சேர ஒரு இமெயில் வேண்டும். என்னிடம் வேலைக்கு விண்ணப்பிக்க ஆரம்பித்தது ஒன்று இருந்தது. அதை வைத்து இருவருக்கும் பொதுவாக ஒரே கணக்கு. பெயர் 'ஓசூர்தண்டர்'. ஓசூர் இடி என்று அவள் வைத்த பெயர். சொல்வதை அவள் சொல்வாள், எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் நான் டைப் அடிப்பேன். ஓசூர்தண்டரை எல்லோரும் ஆண்பிள்ளை என்றே நினைத்து 'டியூட்', 'ப்ரோ' என்று பதில் போட்டார்கள். நாங்களும் திருத்தவில்லை. இரண்டு பேருக்கு ஒரு கணக்கு போதாது என்று தோன்றவே இல்லை. எங்களுக்குள் அதுவரை வேறு அபிப்பிராயம் என்று ஒன்று இருந்ததில்லை.

பெருசுங்க புது ஆல்பம் போடப்போகிறார்கள் என்ற செய்தியை அந்தத் தளத்தில்தான் படித்தோம். பல வருஷம் சும்மா இருந்தவர்கள். பிரிந்துவிட்டார்கள் என்றும், பாட்டுக்காரருக்குத் தொண்டையில் ஏதோ கோளாறு என்றும் பேச்சு இருந்தது. ஆல்பம் வெளியான அடுத்த ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துப் பெங்களூர் போய்க் கேசட்டை வாங்கினோம். திரும்பும்போது மடிவாளா தாண்டுவதற்குள் அவள் பிளாஸ்டிக் உறையைப் பல்லால் கிழித்துவிட்டாள். ஒரு காது அவளுக்கு, ஒரு காது எனக்கு.

பாட்டு மெதுவாக ஆரம்பித்தது. வேகம் எடுக்கும் என்று காத்திருந்தோம். எடுக்கவில்லை. இரண்டாவதும் அப்படியே. டிரம்ஸ் எங்கேயோ தள்ளி அடிப்பது மாதிரி இருந்தது. பாட்டுக்காரர் அலறவில்லை. தாழ்ந்த குரலில், கிட்டத்தட்டப் பேசுவது மாதிரி பாடினார். முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டில் ஒரு கிடாரும் அவரும் மட்டும்தான். ஒரு இடத்தில் மேலே போகப் பார்த்து அவர் குரல் உடைந்தது. அந்த உடைசலை வெட்டாமல் அப்படியே விட்டிருந்தார்கள். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அவளைப் பார்த்தேன். அவள் இயர்போனைக் காதிலிருந்து பிடுங்கி என் மடியில் போட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"ஏமாத்திட்டாங்க," என்றாள் அத்திப்பள்ளி தாண்டும்போது.

"நல்லாத்தான இருக்கு?"

"என்னா நல்லாருக்கு? அவரால கத்த முடியல. முடியலன்னு சொல்லாம, கத்தப் பிடிக்காத மாதிரி நடிக்கறாரு, அல்வா?" கோபம் வந்தால் 'இல்லையா' என்பது அவளுக்குக் கன்னடத்தில் 'அல்வா' என்றுதான் வரும்.

"வயசாயிருச்சுடி. வயசுக்கேத்த மாதிரி பாடுறாரு. அதுல என்ன நடிப்பு?"

"வயசுக்கேத்த மாதிரி பாடறதுக்கு ஊர்ல ஆயிரம் பேர் இருக்காங்க. இவரு எதுக்கு?"

அந்த வாரம் பிரவுசிங் சென்டருக்குப் போனபோது உலகமே எங்கள் பஸ் சீட் மாதிரிதான் இருந்தது. பாதிப் பேர், குழு செத்துவிட்டது, காசுக்காகத் தாலாட்டுப் பாடுகிறார்கள் என்று திட்டிக்கொண்டிருந்தார்கள். மீதிப் பேர், இதுதான் அவர்கள் செய்ததிலேயே துணிச்சலான காரியம் என்றார்கள். நான் கீபோர்டில் கை வைத்து ஆல்பத்தைப் புகழ்ந்து நாலு வரி அடித்து அனுப்பினேன். அவள் என் கையைத் தள்ளிவிட்டு, ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி, 'இதைவிட மோசமான ஆல்பம் கிடையாது' என்று அனுப்பினாள். இரண்டுமே ஓசூர்தண்டரின் பெயரில் அடுத்தடுத்து வந்து நின்றன.

முதலில் யாரும் கவனிக்கவில்லை. நாங்கள் விடாமல் தொடர்ந்தோம். அவள் ஒன்று சொல்ல, கீழேயே நான் அதை மறுக்க, அதற்குக் கீழே அவள் என்னை முட்டாள் என்று சொல்ல, தளம் முழுக்கச் சிரிப்பு ஆரம்பித்தது. இந்த ஆளுக்கு இரண்டு தலை என்றார்கள். ஒருவர் அக்கறையாக, ப்ரோ, டாக்டரைப் பார்த்தீர்களா என்று கேட்டார். ஓசூர்தண்டர் எந்தப் பக்கம் என்று பந்தயம்கூடக் கட்டினார்கள்.

அங்கே எல்லாம் விளையாட்டாக இருந்தது. அறையில் அப்படி இல்லை. பஸ்ஸில் இயர்போனைப் பகிர்ந்துகொள்வது நின்றுபோனது. நான் புது ஆல்பம் கேட்டால் அவள் கண்ணை மூடிக்கொள்வாள். அந்தச் சமயத்தில்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் அவளைப் பெண் பார்க்க வந்துகொண்டிருந்தார்கள். சனிக்கிழமை சாயங்காலம் தளி பஸ் ஏறிப் போவாள், திங்கட்கிழமை நேராக ஷிஃப்டுக்கு வருவாள். என்ன ஆச்சு என்று கேட்டால், "வந்தாங்க, காப்பி குடிச்சாங்க, போனாங்க" என்பாள். ஒரு திங்கட்கிழமை, டிபன் இடைவேளையில், கேட்காமலே சொன்னாள்.

"எங்க ஊட்ல நான் சத்தமா ஒரு வார்த்த பேச முடியாது. நான் கத்த முடியாத எடத்துல எல்லாம் எனக்காக அவரு கத்துனாரு. இப்ப அவரும் மெதுவாப் பேசுனா நான் என்னா பண்றது?"

தட்டில் இருந்த உப்புமாவை இரண்டு பேரும் பாதியில் வைத்துவிட்டு எழுந்தோம். அவள் சொன்னது சரி என்று எனக்குப் பட்டது. ஆனாலும் எனக்கு அந்த ஆல்பம் பிடித்துத்தான் இருந்தது.

பெங்களூர் ரசிகர்கள் ஒருநாள் தளத்தில் அழைப்புப் போட்டார்கள். ஒரு ஞாயிறு மத்தியானம் எல்லோரும் கூடி ஆல்பத்தை முழுக்க ஒலிக்கவிட்டுக் கேட்டு, சண்டையை நேரிலேயே போட்டுத் தீர்த்துக்கொள்வோம். இரண்டு தலை ஓசூர்தண்டர் கட்டாயம் வரவேண்டும். நான் தயங்கினேன். அவள், "போலாம். இந்த ஞாயித்துக்கிழம ஊருக்குப் போகாம இருக்க எனக்கு ஒரு காரணம் வேணும்" என்றாள்.

ஜெயநகரில் ஒரு கடைக்கு மேலே இருந்த மாடி ஹால் அது. கறுப்பு டிசர்ட் போட்ட பையன்கள் நிறைந்திருந்தார்கள். நாங்கள் சுடிதார். அவள் தலையில் அவர்கள் தோட்டத்து ரோஜா. வாசலில் நின்றவன் ரொம்ப மரியாதையாகக் கன்னடத்தில், "அக்கா, டெய்லரிங் கிளாஸ் இன்னொரு மாடி மேல" என்றான்.

"டெய்லரிங் இல்ல," என்றாள் அவள் கன்னடத்திலேயே. "ஓசூர்தண்டர்."

அவனுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு உள்ளே திரும்பிக் கத்தினான். அந்தக் கூச்சலில் கீழே கடைக்காரரே மேலே ஏறி வந்துவிட்டார். ஆளாளுக்கு வந்து கைகுலுக்கினார்கள். ஒருவன், டாக்டரைப் பார்க்கச் சொன்னவன் நான்தான், மன்னியுங்கள் என்றான்.

ஆல்பம் பிடித்தவர்கள் ஒரு பக்கம், பிடிக்காதவர்கள் ஒரு பக்கம் உட்காரவேண்டும் என்றார்கள். அவள் அந்தப் பக்கம் போனாள். நான் இந்தப் பக்கம். பெரிய ஸ்பீக்கரில் கேட்டபோது டிரம்ஸ் நன்றாகவே இருந்தது. ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் சண்டை. அவள் முறை வந்தபோது எழுந்து நின்று கன்னடத்தில் பேசினாள். அப்படி ஒரு குரல் அவளிடம் இருந்தது எனக்கே தெரியாது. ரோஜாத் தோட்டத்தைச் சொன்னாள். அந்தப் பனியில் அவருடைய அலறல் என்னவாக இருந்தது என்று சொன்னாள். "எங்களுக்கு வயசாகலியே, நீங்க ஏன் எங்கள விட்டுட்டுக் கிழவனாயிட்டீங்க?" என்று, ஏதோ பாட்டுக்காரரே எதிரில் உட்கார்ந்திருப்பது போலக் கேட்டாள். என் பக்கத்தில் இருந்தவர்கள்கூட விசிலடித்தார்கள்.

அடுத்து என்னைப் பேசச் சொன்னார்கள். குரல் உடையும் அந்தப் பாட்டை இன்னொருதரம் போடுங்கள் என்று மட்டும் கேட்டேன். போட்டார்கள். யாரும் மனம் மாறவில்லை. ஆனால் அது முடியும்வரை அந்தப் பக்கத்திலும் ஒருவரும் பேசவில்லை.

திரும்பும் பஸ்ஸில் அவள் தொண்டை கட்டிப்போய், ஆனால் ரொம்ப நாளுக்குப் பிறகு சந்தோஷமாக இருந்தாள். "பாத்தியா, நான் கத்துனேன்," என்றாள். ஆல்பத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. வாக்மேனை எடுத்து, அவளுடைய பழைய கேசட்டைப் போட்டு, ஒரு காதை என்னிடம் நீட்டினாள். வாங்கிக்கொண்டேன்.

அடுத்த தை மாதம் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை ஆனேக்கல் பக்கம், பூச்செடி வளர்க்கப் பிளாஸ்டிக் கூரை போட்ட பாலிஹவுஸ் அமைத்துக் கொடுக்கும் வேலை. இவரை அவளே சரி என்று சொன்னாளாம். பெண் பார்க்க வந்தவர்களில் காப்பி நன்றாக இல்லை என்று வாய்விட்டுச் சொன்ன ஒரே ஆள் அவர்தான் என்றாள். வேலையை விட்டுவிட்டுப் போனாள். கேசட்டுகளைப் பாதிப்பாதியாகப் பிரித்துக்கொண்டோம். பெருசுங்களின் புது ஆல்பத்துக்கு மட்டும் போட்டி இல்லை.

நான் அறையில் தனியாக இருந்தேன். செல்போன் இன்னும் எல்லோர் கைக்கும் வந்திருக்கவில்லை. மாதங்கள் கழித்து ஒருநாள் பிரவுசிங் சென்டரில் தளத்தைத் திறந்தால், ஓசூர்தண்டரின் பெயரில் நான் எழுதாத ஒரு பதிவு. 'அந்த ஆல்பத்தை இன்னொருமுறை கேட்டேன். இன்னும் மோசமாகிவிட்டது.' கடைக்காரர் எட்டிப்பார்க்கும் அளவுக்குச் சிரித்தேன். உடனே கீழே, அது நல்ல ஆல்பம்தான் என்று எழுதினேன். சில வாரம் கழித்து மறுபடி ஒன்று. அவள் சௌக்கியமாக இருக்கிறாள் என்பது எனக்கு அப்படித்தான் தெரியவந்தது. அவளுக்குக் குழந்தை பிறந்த சமயத்தில் நாலைந்து மாதம் ஒன்றும் வரவில்லை. பிறகு வந்தது, வழக்கத்தைவிடக் காட்டமாக.

அந்தத் தளத்தை மூடியபோது நானும் கல்யாணமாகிக் கிருஷ்ணகிரிக்குப் போயிருந்தேன். ஒருதரம் ஓசூர் பஸ் ஸ்டாண்டில் அவளைத் தற்செயலாகப் பார்த்தேன். இடுப்பில் பெண் குழந்தை, கையில் நாற்றுத் தட்டுகள். ஆளுக்கு ஒரு டீ குடித்தோம். என் மாமியார், அவள் வீட்டு போர்வெல், தக்காளி விலை எல்லாம் பேசினோம். ஆனேக்கல் பஸ் வந்து நின்றது. அவள் குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டுத் தட்டுகளை ஏற்றினாள்.

"பெருசுங்க மறுபடியும் ஒண்ணு போட்டிருக்காங்களாமே, கேட்டியா?" என்றேன்.

"இல்ல. நீ மொதல்ல கேளு." குழந்தையை வாங்கிக்கொண்டு படியில் ஏறினாள். "நல்லா இல்லன்னு நீ சொன்னீன்னா, நான் வாங்கிக்கறேன்."