தாய்மாமனுக்கு அடுத்துதான் ராஜா

ராஜாக்களைப் பற்றி நான் முதலில் கேள்விப்பட்டது கதைப் புத்தகத்தில் இல்லை, ஜெர்மனியில், ஹனோவரில் எங்கள் மேல்வீட்டில். எழுபதுகளின் தொடக்கம் அது. அப்பா அங்கே பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். மேல்வீட்டு மாமா நைஜீரியாக்காரர், யோருபா இனத்தவர், எஞ்சினியரிங் படித்தார். அவர் மனைவியை அத்தை என்று கூப்பிடுவேன். இரண்டு வீட்டுக்கும் பொது மொழி பாதி இங்கிலீஷ், பாதி ஜெர்மன். என் ஞாபகத்தில் மட்டும் எல்லாரும் தமிழில்தான் பேசுகிறார்கள்.

மாமாவுக்கு ஒரு ராஜா இருந்தார். யோருபா நாட்டில் ஊருக்கு ஊர் ராஜா உண்டாம், ஓபா என்பார்களாம். இஃபே என்ற ஊரில் ஆண்ட ஆதி ராஜாவின் பிள்ளைகள் திசைக்கொருவராகப் புறப்பட்டுப் போனார்களாம். அப்படிப் போனவர்களின் வம்சத்தில் வந்த ராஜாவுக்குத்தான் முகத்தை மறைக்கும் மணிச்சரம் தொங்குகிற கிரீடம். சின்ன ராஜாக்களுக்குக் கிரீடம் உண்டு, மணிச்சரம் கிடையாது. இதையெல்லாம் மாமா சொல்லும்போது அவர் முகத்துக்கு முன்னாலேயே மணிகள் ஆடுவதுபோல இருக்கும். அக்கம்பக்கத்து ஜெர்மன்காரர்களிடம் சொன்னால், "அப்படியா, ரொம்ப சுவாரஸ்யம்" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போய்விடுவார்கள்.

சுவாரஸ்யம் என்று சொல்லிவிட்டுப் போகாத ஒரே ஆள் அத்தையின் அண்ணன், டுசல்டோர்ஃபில் படித்துக்கொண்டிருந்தவர். இரண்டு பேருக்கும் வேறு வேறு ஊர், வேறு வேறு ராஜா. ராஜாக்கள் வரிசையின் உச்சியில் யார் என்பதில் அவர்களுக்குள் சண்டையே கிடையாது. நடுவில் எங்கோ, யார் ராஜா முன்னால், யார் ராஜா பின்னால் என்பதுதான் தகராறு. எங்கள் ராஜாதான் மூத்த பிள்ளை வழி என்பார் மாமா. உங்கள் கிரீடத்தில் மணிச்சரமே பிற்பாடு தொங்கவிட்டதுதானே என்பார் அண்ணன். கல்யாணத்தன்று யார் எந்த நாற்காலியில் உட்காருவது என்பதில் இது முற்றி, அண்ணன் சாப்பிடாமலே ரயிலேறிவிட்டாராம். அதற்குப் பிறகு பேச்சுவார்த்தை இல்லை.

இந்த நிலையில் அத்தைக்கு ஆண் குழந்தை பிறந்தது. எட்டாம் நாள் பெயர் வைக்க வேண்டும். அவர்கள் வழக்கப்படி வந்தவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு பெயர் வைக்கலாம். எனக்கும் ஒன்று உண்டு என்று அத்தை வாக்குக் கொடுத்திருந்தார். எட்டு வயதில் இதைவிடப் பெரிய பதவி எனக்கு வேறென்ன வேண்டும்? ஆனால் அத்தை அம்மாவின் தோளில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தார். இந்த நாடு முழுக்கத் தேடினாலும் அவருக்கு இருந்த ஒரே ரத்த சொந்தம் அந்த அண்ணன்தான். உன் புருஷனுக்குக் கீழே உட்கார நான் வரமாட்டேன் என்று அவர் போனில் சொல்லிவிட்டார். அண்ணன் வராமல் பெயர் வைக்கமாட்டேன் என்றார் அத்தை.

"எங்க வீட்ல வச்சுக்கலாம். நாற்காலியை நான் பாத்துக்கறேன், அவரை வரச் சொல்லு" என்றாள் அம்மா.

எங்களிடம் உருப்படியாக இருந்தது ஒரே ஒரு சாய்வு நாற்காலி. யாரோ வேண்டாமென்று தெருவில் வைத்ததை அப்பா தூக்கி வந்திருந்தார். அதன்மேல் அம்மா தன் பட்டுப்புடவையை மடித்து விரித்தாள்.

அண்ணன் வந்தார். ஓவர்கோட்டைக் கழற்றியதும் உள்ளேயிருந்து நீல அங்கி ஒன்று அறை முழுக்க விரிந்தது. வந்தவுடன் அம்மாவுக்கு முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். பெரியவர்களை அவர்கள் அப்படித்தான் வணங்குவார்களாம். அம்மா பதறிப்போய், "நல்லா இருங்க, நல்லா இருங்க" என்று சொல்லி அவரை எழுப்பி, கையைப் பிடித்து அழைத்துப்போய்ப் பட்டுப்புடவை மேல் உட்காரவைத்து, மடியில் குழந்தையையும் வைத்துவிட்டாள்.

அண்ணனுக்கு வாயெல்லாம் பல். "எங்கள் ராஜாவின் இடம் இந்தியர்களுக்காவது தெரிந்திருக்கிறதே!" என்றார்.

மாமாவின் முகம் கறுத்தது. கதவுப் பக்கம் நடந்தார். அத்தையின் கண்கள் மறுபடி நிரம்பின. நான் யோசித்து வைத்திருந்த பெயர் அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

என்ன விஷயம் என்று அம்மா கேட்க, அப்பா அவள் காதில் விளக்கினார். அம்மாவுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை.

"எந்த ராஜா? அவர் தாய்மாமன்ங்க! பேர் வைக்கறப்ப புள்ளை தாய்மாமன் மடியில தானே இருக்கணும்? எங்க ஊர்ல ராஜாவே வந்தாலும் தாய்மாமனுக்கு அடுத்துதான்."

அப்பா மொழிபெயர்த்தார். மாமா கதவருகே நின்றார். "அப்படியானால் அவனுடைய ராஜாவுக்காக இல்லையா?"

"இல்லவே இல்லை" என்றார் அப்பா.

இப்போது அண்ணன் முகம் சுருங்கியது. எழுந்திருக்கப் பார்த்தார். "பேர் வைக்கற வரைக்கும் எந்திரிக்கக் கூடாது" என்று அம்மா அதட்டினாள். குழந்தை வேறு அவர் விரலைப் பிடித்துக்கொண்டு தூங்கிவிட்டது. மாமாதான் முதலில் சிரித்தார். அடக்கப் பார்த்தும் முடியாமல் அண்ணனும் சிரித்தார். அத்தை அழுதுகொண்டே சிரித்தார்.

குழந்தையின் உதட்டில் தேன், உப்பு, தண்ணீர் எல்லாம் வைத்தார்கள். ஆளுக்கொரு பெயர் வைத்தார்கள். என் முறை வந்தது.

"ராஜா" என்றேன். அப்படியென்றால் ஓபா என்று அப்பா பொருள் சொன்னார்.

"எந்த ஊருக்கு?" என்று மாமாவும் அண்ணனும் ஒரே குரலில் கேட்டார்கள்.

ரயில் நிலையத்துக்கு எதிரே குதிரைமேல் உட்கார்ந்திருக்கும் பழைய ராஜாவின் சிலை ஞாபகம் வந்தது. "ஹனோவருக்கு."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். வரிசையில் அதற்கு எந்த இடம் என்று உடனே விவாதம் தொடங்கி, அம்மாவின் எலுமிச்சைச் சாதம் தீரும்வரை நடந்தது. அன்றுமுதல் அண்ணன் மாதத்துக்கு ஒருமுறையாவது வந்துவிடுவார். ஒவ்வொரு தடவையும் மாடியில் கூச்சல்தான்.

மறுவருஷம் அண்ணன் படிப்பு முடிந்து நாடு திரும்பினார். மாமா ஞாயிற்றுக்கிழமைகளில் கீழே வந்து, தன் ராஜாவைத் தன் இஷ்டப்படி முன்னுக்கு ஏற்றிவைத்து வரிசை சொல்லுவார். அப்பா எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார். ஜெயித்த மனிதர் உற்சாகமாக இருக்க வேண்டாமா? நாளாக ஆக மாமா பாதியிலேயே நிறுத்திவிட்டு உம்மென்று எழுந்து போக ஆரம்பித்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "ஆனால் உங்கள் கிரீடத்தில் மணிச்சரம் பிற்பாடு தொங்கவிட்டதுதானே?" என்றார்.

மாமா துள்ளி எழுந்தார். மேஜையைத் தட்டினார். கண்கள் பளபளக்க, மூச்சு விடாமல் ஒரு மணி நேரம் கத்தினார். அப்பாவும் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் மாமா தோசையை ஒரு கை பார்த்துவிட்டு, அப்பாவை இறுகக் கட்டிக்கொண்டு, பாடிக்கொண்டே படியேறினார்.

நல்ல மனிதரை அப்பா ஏன் இப்படி வம்புக்கு இழுத்தார் என்று எனக்குக் கோபம். அன்று முழுக்க நான் அப்பாவோடு பேசவில்லை.