பதினோராவது பெலிக்ஸ்

வல்லத்திராக்கோட்டையில் பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே, உரக்கடைக்கும் பரோட்டாக் கடைக்கும் நடுவே ஒரு ஷட்டர் அகலத்தில் இருப்பதுதான் பெலிக்ஸின் ஸ்டுடியோ. சுற்றுவட்டாரத்தில் அவர் படம் பிடிக்காத கல்யாணம் கிடையாது. "மாப்ள, அப்புடியே பொண்ணைப் பாத்துச் சிரிங்க" என்று அவர் சொன்னால் பல்வலிக்காரனும் சிரித்துவிடுவான். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. முடி கொட்டியதை மறைக்க எந்நேரமும் தொப்பி போட்டிருப்பார். தொப்பி எதற்கு என்று ஊருக்கே தெரியும். ஊருக்குத் தெரியும் என்பது மட்டும் அவருக்குத் தெரியாது.

பிளஸ் டூ கணக்கில் கோட்டை விட்டு, புதுக்கோட்டையில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சேர்ந்து, அதையும் பாதியில் விட்டவர். அங்கே அவர் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்று. வேலை நடக்கவில்லையா, மறுபடி அமுக்கு. அதை வைத்தே இத்தனை வருஷம் ஓட்டிவிட்டார்.

எடுத்த கல்யாண வீடியோக்களைத் திருச்சியில் ஆல்பம் போடுகிற கம்பெனிக்கு அனுப்ப, லேப்டாப்பில் ஒரு சாப்ட்வேர் இருந்தது. இடது பக்கம் நம்ம பைல், வலது பக்கம் தூரத்துக் கம்ப்யூட்டர். இங்கிட்டிருந்து இழுத்து அங்கிட்டுப் போட்டால் கீழே ஒரு பச்சைக் கோடு அட்டை மாதிரி ஊர்ந்து போகும். கோடு முழுசானால் போய்ச் சேர்ந்தது என்று அர்த்தம். திருச்சியில் அதை வாங்கிக்கொள்பவர் சத்யபிரியா. பெலிக்ஸ் அவரை நேரில் பார்த்ததில்லை. ஆனால் வாரம் நாலு தடவை போனில் திட்டு வாங்குவார்.

அந்தப் பச்சைக் கோட்டை நம்பித்தான் இன்னாசியம்மாள் செத்த அன்றைக்கு ஒரு வாக்குக் கொடுத்துவிட்டார்.

இன்னாசியம்மாளின் மகன் அறிவுச்செல்வன் வளைகுடாவில், கடலுக்கு நடுவே எண்ணெய் எடுக்கிற இரும்பு மேடையில் வேலை பார்க்கிறான். ஹெலிகாப்டர் வந்தால்தான் கரையேற முடியும். காற்று பலமாக இருந்ததால் அதுவும் வரவில்லை. அங்கே கைப்போனுக்கு அனுமதி கிடையாது. இருப்பது பேச மட்டும் உதவுகிற சூப்பர்வைசரின் போன் ஒன்று, கம்ப்யூட்டர் ஒன்று. அந்தக் கம்ப்யூட்டரிலும் கம்பெனி சர்வரைத் தவிர வேறெதுவும் திறக்காது. சூப்பர்வைசர் நல்ல மனுஷன். சர்வர் முகவரியும் பாஸ்வேர்டும் கொடுத்து, வீடியோவை இதில் போடச் சொல், காட்டுகிறேன் என்றிருக்கிறார்.

அறிவு தன் தங்கை ஷர்லியிடம் போனில் கேட்டது இவ்வளவுதான்: "பொட்டிய மூடுறதுக்கு முன்னாடி அம்மா மொகத்த ஒரு தடவ பாத்துரணும்டி. பாத்துட்டேன்னு நான் சொன்னப்பறம் ஆணி அடிங்க."

"நீ பாக்காம சுத்தியல எவன் தொடுறான்னு பாக்குறேன், மருமவனே!" என்று பக்கத்திலிருந்து கத்தினார் தாய்மாமன் அடைக்கலம். "பெலிக்ஸு இருக்கான்ல, அனுப்பிருவான்."

"அஞ்சு நிமிஷ வேல மாமா" என்றார் பெலிக்ஸ்.

நாலு மணிக்கு அடக்கம். அதற்குள் சர்ச்சிலிருந்து சாமியார் வந்துவிடுவார். அவருக்கு அதன்பிறகு வேறு ஊரில் பூசை இருந்தது.

அறிவுக்காக என்பதால், கல்யாணத்துக்கு மட்டும் எடுக்கும் பெரிய கேமராவை எடுத்து, இன்னாசியம்மாளின் முகத்தில் ஒரு சுருக்கம் விடாமல் படம் பிடித்தார் பெலிக்ஸ். பைல் யானைக்குட்டி கணக்காக வந்து நின்றது. இழுத்துப் போட்டார். பச்சைக் கோடு கிளம்பியது, நகர்ந்தது, முப்பத்தெட்டு சதவீதத்தில் படுத்துவிட்டது. பரீட்சையாக இருந்தால் பாஸ். சிவப்பில் ஒரு வரி வந்து, தொடர்பு அறுந்தது என்றது. மறுபடி அமுக்கினார். முதலிலிருந்து கிளம்பியது. அறுந்தது. மறுபடி அமுக்கினார்.

திருச்சிக்குப் போன் போட்டார்.

"அண்ணே, எழவு வீட்டுல எதுக்குண்ணே அம்புட்டுப் பெரிய வீடியோ?" என்றார் சத்யபிரியா. "சின்னதாக்கி அனுப்புங்க."

சின்னதாக்கினார். பன்னிரண்டில் நின்றது. ஒரே ஒரு போட்டோவாக்கினார். அது சர்வரின் வாசலைக்கூடத் தொடவில்லை.

"அங்க கூட்டம் இருக்காண்ணே?"

பெலிக்ஸ் நிமிர்ந்து பார்த்தார். பந்தல் நிறைய ஜனம். அத்தனை பேர் கையிலும் போன். ஒருவர் மாலையோடு போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைக்கிறார். இன்னொருவர் சிங்கப்பூரில் இருக்கும் கொழுந்தனுக்கு பேண்டு செட்டை லைவாகக் காட்டுகிறார். இன்னாசியம்மாளை உயிரோடு இருக்கையில் எட்டிப் பார்க்காதவர்கள்தான் பெரிய பெரிய கண்ணீர் அஞ்சலியாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஊருக்கு இருப்பது ஒரே டவர். அதுவும் காற்றடித்தால் மயங்குகிற ஜாதி.

"எல்லாரும் ஒரே வாசல்ல முட்டுறாங்கண்ணே. நெட்டை ஆஃப் பண்ணச் சொல்லுங்க."

பேண்டு செட்டுக்காரரின் மைக்கை வாங்கினார் பெலிக்ஸ். "பெரியோர்களே, தாய்மார்களே, எல்லாரும் ஒரு கால் மணி நேரம் போன்ல நெட்டை அமத்துங்க. நம்ம அறிவு மொகம் பாக்கணும்."

ஜனத்துக்கு நெஞ்சு கரைந்துவிட்டது. ஒரு பெரியம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தார். அடுத்த நிமிஷமே அந்த அறிவிப்பை நாலு பேர் வீடியோ எடுத்து, 'மகன் தாய்முகம் காண அனைவரும் நெட்டை ஆஃப் செய்யவும், அதிகம் பகிரவும்' என்று எழுதி ஊர் குரூப், உறவு குரூப், கோயில் பங்கு குரூப் என்று ஒன்று விடாமல் அனுப்பினார்கள். வந்ததைப் பார்த்தவர்கள் கும்பிடுகிற கை போட்டார்கள். இருந்த கொஞ்சநஞ்ச சிக்னலும் அதோடு செத்தது.

"போயிருச்சா மாப்ள?" என்று வந்தார் அடைக்கலம்.

"போய்க்கிட்டே இருக்கு மாமா."

"எங்க போய்க்கிட்டு இருக்கு? சாமியாரு வண்டிய கோயில்ல நிப்பாட்டிட்டாரு. நான் எத்தன தடவதான் அவருக்கு டீ குடுக்கிறது?"

பெலிக்ஸ் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பைக்கில் ஏறினார். கல்லறைக்குப் போகிற வழியில், மெயின் ரோட்டு வளைவில் வேறு டவர் எடுக்கும். சீட்டின்மேல் லேப்டாப்பை வைத்துப் போன் நெட்டை இணைத்தார். சிக்னல் முழுசாகக் கிடைத்தது. பெலிக்ஸ் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார். ரோட்டில் போன யாரும் சிரிக்கவில்லை.

அமுக்கினார். சர்வர் உள்ளே விடவில்லை. மறுபடி அமுக்கினார். அதே வரி. எழுத்துக்கூட்டி சத்யபிரியாவுக்கு வாசித்துக் காட்டினார்.



"அண்ணே, வீட்டுல இருக்கையில எத்தன தடவ அமுக்குனீங்க?"

"அது போவல, அதனால அமுக்கிக்கிட்டே இருந்தேன்."

"நீங்க அமுக்குன ஒவ்வொரு தடவையும் ஒரு பெலிக்ஸ் சர்வருக்குள்ள போயிட்டாருண்ணே. உங்க பக்கம் லைன் அறுந்தது அதுக்குத் தெரியாது. பத்துப் பேருக்குத்தான் எடம். பத்துப் பெலிக்ஸும் உள்ள சும்மா நிக்கிறாங்க. நீங்க பதினோராவது ஆளு."

"அவனுங்கள வெளிய போகச் சொல்லுறது எப்புடிம்மா?"

"சொல்ல முடியாதுண்ணே. ரொம்ப நேரம் பேசாம நின்னா சர்வரே தொரத்தி விட்டுரும். அதுவரைக்கும் அமுக்காதீங்க."

நாற்பதைத் தாண்டிய மனுஷனுக்கு வாழ்க்கையில் முதல்முறையாக, அமுக்காமல் இருப்பதுதான் வேலை என்று ஆனது. இரண்டு கையையும் அக்குளுக்குள் வைத்துக்கொண்டு நின்றார். கோயில் மணி விட்டு விட்டு அடித்தது. பேண்டு சத்தம் நெருங்கியது. வளைவில் முதலில் சிலுவை வந்தது, பிறகு சாமியார், பிறகு பெட்டி. பெட்டிக்குப் பின்னால் நடந்துவந்த ஷர்லி, ஒன்றும் கேட்காமல் பெலிக்ஸைப் பார்த்தாள். பெலிக்ஸ் தலையை இரண்டு பக்கமும் ஆட்டினார். அவள் தலையைக் குனிந்துகொண்டு நடந்தாள். பெலிக்ஸ் பைக்கை உருட்டிக்கொண்டு பின்னாலேயே போனார். திறந்த லேப்டாப் சீட்டின்மேல் குலுங்கிக்கொண்டு வந்தது.

அங்கே வழக்கப்படி கல்லறைத் தோட்டத்தில் பெட்டியை ஒருமுறை திறந்து, கடைசியாக முகம் பார்த்து, வெள்ளைத் துணியால் மூடி, பிறகு ஆணி அடிப்பார்கள். திறந்தார்கள். அடைக்கலம் சுத்தியலை வாங்கி முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். யாரையும் பார்க்கவில்லை. சாமியார் கடிகாரத்தைப் பார்த்தார்.

ஷர்லியின் போன் அடித்தது. சூப்பர்வைசர் நம்பர்; பேசியது அறிவு.

"ஒண்ணும் வரலையே ஷர்லி. கம்ப்யூட்டருக்கு முன்னாடியே ஒக்காந்திருக்கேன். மூடலைல்ல?"

ஷர்லி போனைப் பெலிக்ஸின் கையில் திணித்தாள். "நீங்க பாத்துச் சொல்லுங்கண்ணே. எனக்கு வரமாட்டேங்குது."

பெலிக்ஸ் பெட்டிக்குப் பக்கத்தில் குனிந்தார். கேமரா இல்லாமல் அவர் ஒரு முகத்தை அவ்வளவு கிட்டத்தில் பார்த்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

"அறிவு, பெலிக்ஸ் பேசுறேன்டா. கேளு. நெத்தியில சின்னதா சிலுவை போட்டிருக்கு, சந்தனத்துல. எடது புருவத்துக்கு மேல அந்த தழும்பு தெரியுது, ஆடு முட்டுனதே, அது. கண்ணு ரெண்டும் நல்லா மூடியிருக்கு. வாயி மட்டும் லேசா தொறந்திருக்குடா, யாரையோ வையப் போற மாதிரி. நம்மளத்தான்னு நெனக்கிறேன். கையில செவமாலை சுத்தியிருக்கு. மோதிர விரலு மட்டும் வெளிய நீட்டிக்கிட்டு இருக்கு. சேல வந்து..."

சொல்லிக்கொண்டே போனார். சேலை, முந்தானை, கால்மாட்டில் யாரோ வைத்த ஒற்றை ரோஜா. அந்தப் பக்கம் 'ம்' சத்தம் கேட்கவில்லை என்பது ரொம்ப நேரம் கழித்துத்தான் உறைத்தது. போனைப் பார்த்தார். லைன் எப்போதோ அறுந்திருந்தது. எந்த வார்த்தையில் என்று தெரியவில்லை. திருப்பிப் போட்டார். போகவில்லை.

"பாத்துட்டானா?" என்று கேட்டார் அடைக்கலம்.

சாமியார் புத்தகத்தைத் திறந்தார். வெள்ளைத் துணியை இழுத்தார்கள். சுத்தியல் அடைக்கலத்தின் கையிலிருந்து வேறு கைக்குப் போனது.

பொழுது சாயும் நேரத்தில், பத்துப் பெலிக்ஸும் சர்வருக்குள்ளிருந்து வெளியேறினார்கள். யாரும் கேட்காமலே பெலிக்ஸ் ரோட்டு வளைவுக்குத் திரும்பி வந்து ஒரே ஒரு தடவை அமுக்க, பச்சைக் கோடு ஒரே மூச்சில் போய்ச் சேர்ந்தது.

அடுத்த வாரம் ஸ்டுடியோவுக்குப் போன் வந்தது. கல்யாண வயசில் ஒரு பெண், ஜாதகத்தோடு கொடுக்கப் போட்டோ எடுக்க ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணே, அறிவு. பைல் அன்னைக்கே வந்துருச்சாம்."

"பாத்தியாடா?"

"இல்லண்ணே. தெறக்கலாம்னு போவேன், கை வரமாட்டேங்குது. அது பாட்டுக்குக் கெடக்கு." கொஞ்ச நேரம் காற்று இரைந்தது. "அன்னைக்கு நீங்க சொல்லிக்கிட்டே வந்தீங்கல்ல, சேலைன்னு சொன்னீங்க. அதோட கட்டாயிருச்சு. என்ன சேலைண்ணே?"

"ஊதா. நீ போன லீவுல வாங்கியாந்ததுன்னு ஷர்லி சொல்லுச்சு."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பெலிக்ஸ் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். லைன் இருந்தது.

"மொதல்லேர்ந்து சொல்லவாடா?"

"சொல்லுங்கண்ணே."

பெலிக்ஸ் அந்தப் பெண்ணிடம் கொஞ்சம் பொறு என்று கையைக் காட்டிவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பி நின்று, நெற்றியிலிருந்து ஆரம்பித்தார்.