மடுவில் இறங்கிய மோட்டார்

அன்று கண்மாய்க்குள் அப்பா இருந்தார், சித்தப்பா இருந்தார், ஊரில் பாதி இருந்தது. மடையைத் திறந்து மூடி, மீனையும் காவல் காக்கும் பாண்டி மாமா மட்டும் வெளியூர்க் கல்யாணத்துக்குப் போயிருந்தார். இன்று அவனியாபுரத்து ஒர்க்‌ஷாப் ஒன்றில் டீசல் மோட்டார் புகை முகத்தில் அடித்ததும் அந்தக் காலை அப்படியே திரும்பி வந்தது.

கோடையில் எங்கள் கண்மாய் வற்றி, நடுவிலுள்ள பள்ளமான மடுவில் மட்டும் இடுப்பளவு தண்ணீர் நிற்கும். மீன்பிடித் திருவிழாவில் கண்மாய் முழுக்க அரித்தாலும் அந்த மடுவில் மட்டும் யாரும் கால் வைக்க மாட்டார்கள், ஏனென்றால் அடுத்த மழைக்கு அயிரை மீன் அங்கிருந்துதான் பெருக வேண்டும். அந்த வருடம் தண்ணீரை இறைத்து மீனை அள்ள சித்தப்பா அதில் மோட்டாரை இறக்கினார். தண்ணீர் வெளியேறும் ரப்பர் குழாயை, ஓட்டத்தை அடைக்க, அப்பா மிதித்துக்கொண்டு நின்றார். காலடியில் அது உப்பிக்கொண்டே வந்தது.

"மழ பேஞ்சா மீனு தானா வரும்ணே."

"எங்கிருந்துடா வரும், ஒன் மாமியா வீட்லருந்தா?"

கூட்டம் சிரித்தது. சித்தப்பா சிரிக்காமல், அடி நிறையாத மீன்கூடையைக் காட்டினார். "இம்புட்டுத்தான் சிக்கிருக்கு. இந்த ஒரு வருசம் மட்டும்ணே."

அப்பா யாரையும் பார்க்காமல் குழாயிலிருந்து காலை எடுத்தார்.

மழை வந்தது, கண்மாயும் நிறைந்தது. அடுத்த கோடையில் கூடைகளில் பாசியும் நத்தையும்தான் வந்தன. அன்று மடுவில் அள்ளிய இரண்டு கூடை அயிரைக்கு, அதற்குப் பிறகு பிறந்திருக்க வேண்டிய அயிரை அத்தனையையும் கொடுத்துவிட்டோம்.