சிவப்புப் பக்கம் வராத கம்ப்யூட்டர்

விண்ணப்பம் போட்டுக் கொடுக்கும் தஸ்லீமாவின் ஆன்லைன் கடை திண்டிவனம் பேருந்து நிலையத்துக்குப் பின்பக்கம் இருக்கிறது. விழுப்புரத்தில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் ஆறு வருடம் டைப் அடித்துவிட்டு, சொந்தமாகத் திறந்த கடை. தினமும் கோட்டக்குப்பத்திலிருந்து பஸ்ஸில் வருவாள். மூன்று கம்ப்யூட்டர்கள். அதில் இரண்டாவதுதான் அவளுக்குச் செல்லம். "அக்கா, பாஸ்வேர்டு மறந்துட்டேன்" என்று யார் வந்தாலும் அது கைகொடுக்கும். ப்ரௌசர் 'சேமிக்கவா?' என்று கேட்ட ஒவ்வொரு தடவையும் 'சரி' என்று தட்டிவைத்திருந்தாள். நூற்றெண்பது பேருக்கு மேல் அதில் இருந்தார்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை, மரக்காணம் பக்கத்து மீனவக் குப்பத்திலிருந்து தமிழ்ச்செல்வி வந்திருந்தாள். நர்ஸ் வேலைக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள். ஐந்து மணிக்குத் தளம் மூடிவிடும். தஸ்லீமா அவளுடைய மெயிலை இரண்டாவதில் திறந்து வைத்துவிட்டு, விண்ணப்பத் தளத்தின் பெயரைத் தேடினாள். முதலில் வந்ததைத் தட்டினாள். 'உங்கள் ப்ரௌசர் பழசாகிவிட்டது, உடனே அப்டேட் செய்யவும்' என்று ஒரு கட்டம் வந்தது.

பழசுதான், அவளுக்கே தெரியும். கைரேகை மெஷின் அந்தப் பழைய ப்ரௌசரில்தான் ஒழுங்காக ஓடும் என்று ஒன்றரை வருடமாக அப்டேட்டை நிறுத்தியிருந்தாள். ஆகவே நம்பித் தட்டினாள். ஒரு ஃபைல் இறங்கியது. திறந்தாள். ஒன்றுமே நடக்கவில்லை.

பத்து நிமிடம் கழித்து அவளது போன் அதிர்ந்தது. கடையின் மெயிலுக்குள் வேறு ஏதோ ஊரிலிருந்து யாரோ நுழைந்திருப்பதாகச் செய்தி. தஸ்லீமா உடனே கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்க்கும் விழுப்புரத்து முருகையனை அழைத்தாள்.

"ஒயரைப் புடுங்கும்மா! மொதல்ல ஒயரு, அப்பால பேசு."

இரண்டாவதின் நெட் ஒயரைப் பிடுங்கினாள்.

"அதுல இன்னா சேவ் பண்ணி வச்சிக்கினு கீறே?"

வாடிக்கையாளர்களின் பெயரும் போன் எண்ணும் எழுதிய பதிவேட்டை அவள் பார்த்தாள்.

"தஸ்லீமா, லைன்ல கீறியா?"

"எல்லாருதும்ணா. எல்லாரு பாஸ்வேர்டும்."

இதற்குள் நேரம் போகிறதே என்ற பதற்றத்தில் தமிழ்ச்செல்வி மூன்றாவது கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, அதே பெயரைத் தேடி, அதே முதல் லிங்கைத் தட்டியிருந்தாள்.

"அய்யோ, தொடாதே!" என்று தஸ்லீமா பாய்ந்தாள்.

அந்தத் திரை முழுக்கச் சிவப்பாக இருந்தது. இந்தத் தளம் உங்கள் கம்ப்யூட்டருக்குத் தீங்கு செய்யலாம் என்று எழுதி, திரும்பிப் போக ஒரு பொத்தானும் கொடுத்திருந்தது. அங்கே இருந்தது வேறு ப்ரௌசர். தானாகவே அப்டேட் ஆகிக்கொண்டிருந்தது. முன்பு இரண்டாவதிலும் இப்படிச் சிவப்புப் பக்கம் வந்துகொண்டிருந்ததுதான். வருகிறவர்கள் பயப்படுகிறார்கள் என்று அதை அணைத்துவைத்தது தஸ்லீமாவேதான்.

"இன்னாக்கா ஆச்சு? என் அப்ளிகேஷன் போவுமா, போவாதா?" என்று தமிழ்ச்செல்வி கேட்டாள்.

மணி நான்கைத் தாண்டி ஐந்து நிமிடம். முதலில் தஸ்லீமா, தமிழ்ச்செல்வியின் போனிலேயே அவளது மெயில் பாஸ்வேர்டை மாற்றச் சொன்னாள். பிறகு அவள் கொண்டுவந்த வேலை அறிவிப்புத் தாளில் அச்சாகியிருந்த முகவரியை ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்து மூன்றாவதில் அடித்தாள். அவசரத்தில் இரண்டு தடவை தப்பானது. நான்கு நாற்பத்தொன்றுக்கு விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது.

தஸ்லீமா வாய் திறக்காமல் இருந்திருந்தால் யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. அன்று மாலையே பதிவேட்டைத் திறந்து ஒவ்வொரு எண்ணாக அழைக்க ஆரம்பித்தாள். "என் தப்புதாங்க. ஜல்தியா பாஸ்வேர்டை மாத்திடுங்க." சிலர் திட்டினார்கள். சிலர் புரியாமல் சரி என்றார்கள். ஒருவர், "உன்னை நம்பித்தானேம்மா குடுத்தோம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அதுதான் நெஞ்சில் நின்றது.

ஞாயிற்றுக்கிழமை விழுப்புரம் போனாள். முருகையன் வெறும் கம்ப்யூட்டர் ஒன்றில் நான்கு ப்ரௌசர்களை ஏற்றி, சோதனைக்கென்றே இருக்கும் ஆபத்தில்லாத பக்கங்களை ஒவ்வொன்றிலும் திறந்து காட்டினார். இரண்டு ப்ரௌசர்கள் வாசலிலேயே மறித்தன. ஒன்று உள்ளே விட்டுவிட்டு, ஃபைல் இறங்கும்போது தடுத்தது. நான்காவது அவளுடைய அதே பழைய பதிப்பு. அது எதையும் தடுக்கவில்லை. அதையே புதுப்பித்து, எச்சரிக்கையை முடுக்கியதும் அதுவும் மறித்தது.

"அப்போ எதைத்தான்ணா நம்பறது?"

"எதையும் முழுசா நம்பாதே. இதுங்களும் நாளைக்கே புதுசா வர்ற பக்கத்தைக் கோட்டை விடும்."

திரும்பும் பஸ்ஸில், இரண்டாவதில் பாஸ்வேர்டு வைத்திருந்த ஹமீதின் அழைப்பு வந்தது. சவூதியில் தம்மாமில் வேலை பார்க்கும் அவனுக்கு மூன்று நாளாக மெயில் திறக்கவில்லை. யாரோ பாஸ்வேர்டை மாற்றிவிட்டிருந்தார்கள். "அக்கா, என் விசா பேப்பர் பூரா அதுலதான் கீது!"

மீட்க ஒரே வழி, அதில் பதிந்திருந்த பழைய போன் எண்ணுக்கு வரும் ஆறு இலக்கக் குறியீடு. அந்த சிம் கோட்டக்குப்பத்தில் அவன் அம்மா ஜமீலா பீவியிடம் இருந்தது. தஸ்லீமா வீட்டுக்குப் போகாமல் நேரே அங்கே போனாள். அந்தம்மா கண்ணாடியைத் தேடி எடுத்து, எண்களை ஒவ்வொன்றாகப் போனில் மகனுக்குப் படிப்பதற்குள் நேரம் முடிந்துவிட்டது. இரண்டு முறை அப்படியே போனது. இன்னும் ஒரு தடவை தவறினால் ஒரு நாள் காத்திருக்க வேண்டும் என்றது தளம். அதற்குள் அவன் காகிதங்களை என்ன செய்வார்களோ.

"இந்தா, நீயே படிம்மா" என்று ஜமீலா பீவி போனை நீட்டினார்.

தஸ்லீமா ஆறு எண்களையும் ஒரே மூச்சில் படித்தாள். மறுமுனையில் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு ஹமீத் மெதுவாக, "தொறந்துகிச்சு" என்றான். பாஸ்வேர்டை மாற்ற உடனே போனை வைத்துவிட்டான்.

ஜமீலா பீவி தேநீர் போட எழுந்தார். தஸ்லீமா பதிவேட்டை மடியில் விரித்து, இன்னும் பேசாமல் விட்ட நாற்பத்தோரு எண்களில் முதலாவதை அழுத்தினாள்.