ஆறு ட்ரே பன் கருகிய நாள்

பிள்ளைகளே, அப்பா எட்டாவது வரைதான் படித்தவன். பேக்கரியில் மாவு பிசைந்தே இத்தனை வருஷம் ஓடிவிட்டது. இப்போது முத்தியால்பேட்டையில் ஒரு பேக்கரியில் மாஸ்டர். என்னோடு வேலை செய்யும் ஒருத்தியைப் பற்றி உங்களுக்கு எழுதலாமா என்று அவளிடமே கேட்டேன். "எழுதுங்க மாஸ்டர், பேர மட்டும் மாத்திடுங்க" என்றாள். இங்கே அவள் பெயர் சுமதி.

1. கருகல்

சுமதி வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வாரம். மத்தியான பேட்ச், ஆறு ட்ரே பன் ஓவனில் இருந்தது. "நான் சொல்ற வரைக்கும் எடுக்காதம்மா" என்று சொல்லிவிட்டு, மைதா வண்டி வந்ததால் வாசலுக்குப் போனேன். மூட்டை ஒன்று கிழிந்திருந்தது. டிரைவரோடு வாக்குவாதம். நடுவில் கருகல் வாசனை வந்தது.

உள்ளே ஓடினால் ஒரே புகை. சுமதி கையில் துணியோடு ஓவன் கண்ணாடிக்கு முன்னால் நின்றிருந்தாள். கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"கருகறது தெரியலயா உனக்கு?"

"தெரியுது மாஸ்டர்."

"அப்பறம் ஏன் எடுக்கல?"

"நீங்க சொல்லல."

கிண்டல் என்று நினைத்துக் கத்தினேன். பன் உருட்டும் தாஸ், "மாஸ்டர் சொன்னாதான் மூச்சே வுடும் போல" என்று சிரித்தான்.

சாயங்காலம் அவள் நாலாக மடித்த சீட்டு ஒன்றைக் கொடுத்தாள். அன்றைக்குச் செய்த தப்புகளை எண் போட்டு எழுதியிருந்தாள். பன் கருகியது ஆறாவது. முதலாவது, 'கேட்காமல் தண்ணீர் குடித்தேன்.'

"இதுக்கு எத்தன வேள சாப்பாடு இல்ல மாஸ்டர்?" என்று கேட்டாள்.

பதில் தெரிந்துகொண்டு போகத்தான் நின்றாள். அன்றைக்கு ராத்திரியே அவள் அக்காவுக்குப் போன் போட்டேன்.

2. சீட்டு வந்த இடம்

மறுநாள் அவளுடைய அக்கா வசந்தா வந்து விவரம் சொன்னது. அம்மா செத்த துக்கத்தில் சுமதி தூக்கம் இல்லாமல் இருந்தபோது, தெரிந்தவர் ஒருத்தர் தியான வகுப்பு என்று கூட்டிப் போனார். வயசு அப்போது பத்தொன்பது. முதல் மாதம் அங்கே அத்தனை பேரும் பக்கத்தில் உட்கார்ந்து அவள் அழுவதைக் கேட்டார்கள், ஊட்டி விட்டார்கள். தங்களைக் 'குடும்பம்' என்றார்கள். தலைவருக்குப் பெயர் 'அப்பா'. அப்புறம் போனை வாங்கி வைத்தார்கள். வசந்தா பார்க்கப் போனால், அவள் மௌனத்தில் இருக்கிறாள் என்று வாசலோடு அனுப்பினார்கள். தினமும் சாயங்காலம் தப்புச் சீட்டு. தப்புக்குப் பட்டினி. இப்படிப் பதினோரு வருஷம். காய்ச்சல் முற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, பக்கத்துப் படுக்கைக்காரரின் போனை வாங்கி அக்காவைக் கூப்பிட்டிருக்கிறாள்.

எனக்கு உறைத்தது வேறு. மூன்று வாரமாக நான் எல்லோரிடமும், "சுமதியப் பாருங்க, ஒரு எதிர்ப்பேச்சு உண்டா?" என்று பெருமை பேசியிருந்தேன். அந்தத் தலைவருக்கு அவளிடம் எது பிடித்ததோ, அதேதான் எனக்கும் பிடித்திருந்தது.

3. விரல் வைத்துப் பார்

நம் ஊர்ப் புழுக்கத்தில் மாவு பொங்குவதற்குக் கடிகாரம் உதவாது. விரலால் அழுத்த வேண்டும். குழி சட்டென்று எழும்பினால் இன்னும் ஆகவில்லை. மெதுவாக எழும்பினால் சரி. எழும்பவே இல்லையென்றால் மிஞ்சிப் போச்சு. அந்த வேலையை சுமதியிடம் விட்டேன்.

"ஆச்சா?"

"நீங்க பாருங்க மாஸ்டர்."

"நான் பாக்க மாட்டேன். நீதான் சொல்லணும்."

ஒரு வாரம் இதே பேச்சுதான். இரண்டு பேட்ச் புளித்துப் போனது. முதலாளியிடம் நான்தான் திட்டு வாங்கினேன். தினமும் அவள் நீட்டும் சீட்டைப் பிரிக்காமலே திருப்பிக் கொடுத்தேன். ஒரு நாள் விரலை வைத்துவிட்டு, தரையைப் பார்த்துக்கொண்டு, "ஆவல மாஸ்டர்" என்றாள். சரியாகத்தான் சொன்னாள்.

4. கேரியரோடு வந்தவர்கள்

நாலு மாதம் கழித்து, காலை பதினோரு மணி இருக்கும். 'குடும்ப'த்திலிருந்து ஒரு அம்மாவும் ஒரு ஆளும் நேராக உள்ளே வந்துவிட்டார்கள். அந்த அம்மா கையில் டிபன் கேரியர்.

"உனக்குப் புடிச்ச புளிசாதம்டா தங்கம். அப்பா உன்ன மன்னிச்சிட்டாரு. வா, போலாம்."

சுமதி அசையவில்லை. அந்த ஆள் பையிலிருந்து நூல் போட்டுக் கட்டிய சீட்டுக் கட்டு ஒன்றை மாவு மேசைமேல் வைத்தான். "எல்லாம் உன் கையெழுத்து. உங்க முதலாளிக்குப் படிச்சுக் காட்டவா, இல்ல உங்க அக்கா புருஷனுக்கா?"

சுமதி என்னைப் பார்த்தாள். ஓவன் முன்னால் நின்ற அதே முகம். 'போகாதே' என்ற வார்த்தை என் தொண்டை வரை வந்துவிட்டது. சொல்லியிருந்தால் நின்றிருப்பாள், நான் சொன்னேன் என்பதற்காக. நாளைக்கு வேறு யாராவது வா என்றால் போய்விடுவாள். பல்லைக் கடித்துக்கொண்டேன். அந்த ஆளிடம் மட்டும், "அந்தப் பொண்ணு பேசி முடிக்கற வரைக்கும் யாரும் கிட்ட போவக் கூடாது" என்று சொல்லிக் குறுக்கே நின்றேன்.

சுமதி ட்ரே மேலிருந்த ஈரத்துணியைத் தூக்கி விரலை வைத்தாள். குழி மெதுவாக எழும்பியது.

"மாவு ஆயிடுச்சு. நான் ஓவன்ல வெக்கணும். நீங்க போங்க."

"அப்ப இதப் படிக்கட்டுமா?"

"படிங்க. கேக்காம தண்ணி குடிச்சேன்னுதான் இருக்கும்."

"நான் தெனம் பத்து தடவ குடிக்கறன் சார், என் பேரையும் எழுதிக்கங்க" என்றான் தாஸ்.

கேரியரை சுமதியே எடுத்து அந்த அம்மா கையில் கொடுத்தாள். அவர்கள் போன பிறகு ட்ரேயைத் தூக்கி ஓவனில் வைத்தாள். மறுநாள் வேலைக்கு வரவில்லை. அதற்கடுத்த நாள் வந்தாள்.

5. உங்களுக்கு

உங்கள் தப்பை யாராவது எழுதி வாங்கி வைத்துக்கொண்டால், ஏன் என்று கேட்பதே தப்பு என்றால், வீட்டாரோடு பேசாதே என்றால், அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். எத்தனை வருஷம் கழித்து வந்தாலும் நம் வீட்டுக் கதவு திறக்கும். அப்பா என்ற பெயரை யார் வைத்துக்கொண்டாலும், அது நானாகவே இருந்தாலும், கேள்வி கேளுங்கள். எனக்குக் கோபம் வரும். வந்தாலும் கேளுங்கள்.

போன வாரம் ஓவனைப் பார்த்துவிட்டு, "எடும்மா" என்றேன். "இன்னும் ரெண்டு நிமிஷம் மாஸ்டர்" என்றாள் சுமதி. நான் சொன்னதுதான் சரி. பன் மேல்பக்கம் நன்றாகக் கறுத்துவிட்டது.

"கொஞ்சம் தீஞ்சிடுச்சு மாஸ்டர்."

"ஆமா."

அவ்வளவுதான் பேச்சு. அதில் ஒரு பன்னைப் பிய்த்துத் தின்றபடியே அவள் பானைப் பக்கம் போனாள். யாரையும் கேட்காமல், ஒரு சொம்பு தண்ணீரை நின்று நிதானமாகக் குடித்தாள்.