சுவரைப் பார்த்த பிள்ளை

இராயவரத்துப் பெரிய வீட்டில் ராக்காயி கை படாத சாமான் கிடையாது. இருபத்து மூன்று வயதில் விளக்குமாற்றோடு உள்ளே போனவளுக்கு இப்போது அறுபத்திரண்டு. வீட்டுக்கார அமராவதி ஆச்சி காலமாகி ஆறு வருடம் ஆகிறது. பேரன் பேத்திகள் ஆளுக்கொரு ஊரில். வீட்டுச் சாவி மட்டும் ராக்காயியின் இடுப்பில்.

அத்தனை சாமானிலும் அவளுக்கு உசத்தி, கூடத்து மேசையின் நடுவில் வைக்கிற பிரெஞ்சுக் கண்ணாடித் தட்டுதான். ஆச்சியின் மாமனார் சைகோனிலிருந்து கப்பலில் கொண்டுவந்தது. முதுகோடு முதுகு ஒட்டி நிற்கும் மூன்று வெண்கலப் பிள்ளைகள், தங்க முலாம் பூசிய மேனி, இறக்கை வேறு. ஓரம் நெளிந்த தட்டை மூவரும் தலைக்கு மேல் தாங்குவார்கள். பிரெஞ்சுக்காரன் அதில் என்ன வைத்தானோ, இந்த வீட்டில் கல்யாணத்துக்குக் கல்கண்டு வைப்பார்கள். பொட்டுத் துணி இல்லாமல் நிற்கிறான்களே என்று ராக்காயிக்கு முதலில் ஒரே வெட்கம். போகப்போகத் தான் பெற்ற பிள்ளைகள் மாதிரி ஆகிவிட்டார்கள்.

சேர்ந்த முதல் பொங்கலுக்குத்தான் அந்தக் காரியத்தைச் செய்தாள். குத்துவிளக்கு, குடம், அண்டா எல்லாவற்றையும் தேய்த்து முடித்தவள், நல்ல பேர் வாங்குகிற ஆசையில் ஒரு பிள்ளையையும் பிடித்துப் புளியும் செங்கல் பொடியும் போட்டு அழுத்தித் தேய்த்தாள். கழுவிப் பார்த்தால் மற்ற இருவரும் தங்கம், இவன் மட்டும் முலாம் போய்த் தவலைப் பானை. இரண்டு மாதத்தில் கறுத்தும் போனான். ஆச்சி கண்ணில் படக் கூடாதென்று ராக்காயி அவனைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தாள். அதற்குப் பிறகு எந்த விசேஷத்துக்கும் மேசையை அலங்கரிப்பது அவள்தான். வேறு யாரையும் கிட்டே விடமாட்டாள்.

போன மாதம் ஆச்சியின் பேத்தி வைஷ்ணவி பெங்களூரிலிருந்து வந்தாள். பாகம் பிரித்ததில் அந்தத் தட்டு அவளுக்கு விழுந்திருந்தது. பஞ்சும் அட்டைப் பெட்டியும் எடுத்துக்கொண்டு மேசையை நெருங்கினாள். இனி மறைக்க வழியில்லை. மறைத்தபடியே ஆச்சிக்குத் துரோகம் செய்தவளாகச் சாகவும் ராக்காயிக்கு மனமில்லை.

"ஆத்தா, பின்னாடி நிக்கிறவனக் கெடுத்தது நாந்தாங்க. புளி போட்டுத் தேச்சுப்புட்டேன். ஆச்சிகிட்ட கடைசி வரைக்கும் சொல்லல." சொல்லி முடிப்பதற்குள் தேம்பிவிட்டாள்.

வைஷ்ணவி அவனைத் திருப்பிப் பார்த்தாள். திட்டவில்லை. உள்ளே போய் ஒரு ஆல்பத்தை எடுத்து வந்தாள். "இது அப்பத்தாவோட அறுபதாங் கல்யாணம். இதுலயும் கறுப்பன் தெரியலையே, ராக்காயிக்கா. அன்னைக்கும் நீங்கதான் வச்சீங்களா?"

ராக்காயி கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். மாலையும் கழுத்துமாக ஆச்சி. பக்கத்து மேசையில் இரண்டு தங்கப் பிள்ளைகள் ஜொலிக்கிறார்கள், மூன்றாமவன் சுவரைப் பார்த்திருக்கிறான். ஆனால் அன்றைக்கு அவள் இந்த வீட்டிலேயே இல்லை. மகன் அய்யப்பனைப் பெற்றுப் புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் கிடந்தாள். குழந்தை பிறந்த சந்தோஷத்தைக்கூட அனுபவிக்க விடாமல், மேசையை யார் வைத்தார்களோ, எவன் முன்னால் நிற்கிறானோ என்ற பயம்தான் அவளைத் தின்றது.

"அன்னைக்கு மேசைய யாரு வச்சது?"

"அப்பத்தாவேதான். வேற ஆளத் தொடவே விடலன்னு அப்பா சொல்லுவாங்க."

ராக்காயி தரையில் உட்கார்ந்துவிட்டாள். புளிச் சட்டியை எடுத்துத் தரும்போதெல்லாம் "பித்தளைக்கு மட்டும், ராக்காயி" என்பார் ஆச்சி. பொதுவாகச் சொல்கிறார் என்றுதான் நினைத்திருந்தாள். தெரிந்தேதான் சொல்லியிருக்கிறார். மகராசி, ஒரு வார்த்தை கேட்டதில்லை. உயிரோடு இருக்கும்போதே காலைக் கட்டிக்கொண்டு அழுதிருக்கலாம் என்று மனம் அடித்துக்கொண்டது.

பெட்டியில் வைக்குமுன் மூன்று பிள்ளைகளையும் அவளே வெறும் துணியால் துடைத்தாள். கறுத்தவனைக் கடைசியாகத் துடைத்தாள்.

"அங்கிட்டுப் போயி இவனச் செவத்தப் பாக்க நிறுத்திராதீங்க ஆத்தா," என்றாள். "நாப்பது வருசமா நின்னுட்டான். முன்னாடி வைங்க."